சந்தா கட்டாத எழுத்தாளர்கள்

வில்லியனூரிலும் பாகூரிலும் எழுதுகிறவர்கள் நான்கு பேர் ஓரிடத்தில் சேர்ந்தால் பேச்சு ஒரே குறையில்தான் போய் நிற்கிறது. அனுப்பிய கதைக்கு ஆறு மாதமாகப் பதில் இல்லை. தேர்வாகிவிட்டது என்று சொன்ன கவிதை வரவில்லை. அடுத்த இதழில் போடுகிறோம் என்றார்கள். அடுத்த இதழே வரவில்லை. இவை எதுவும் பொய்க் குறையில்லை. ஆனால் இத்தனை காலமும் ஒரு பக்கத்துக் கணக்கை மட்டுமே வாசித்து வந்திருக்கிறோம். நம் பக்கத்தில் என்ன பாக்கி என்று ஒருநாளும் பார்க்கவில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பாக்கியைப் பற்றியது. இதில் குற்றவாளிகள் நாம்தான்: புதுச்சேரியின் இந்த இரண்டு கொம்யூன்களிலும் எழுதுகிறவர்கள், தமிழ் கற்பிக்கிறவர்கள், இலக்கியக் கூட்டம் கூட்டுகிறவர்கள்.

முதலில், இதழ்கள் நம் மண்ணுக்கு என்ன செய்தன என்பதை நினைவில் வைப்போம். கவிஞர் வாணிதாசன் 1915இல் வில்லியனூரில் பிறந்தவர். பாகூர்ப் பக்கம் சேலியமேட்டில் வாழ்ந்தவர். பள்ளிக்கூட ஆசிரியர். 1974இல் மறையும் வரை வயலையும் வாய்க்காலையும் பாடியவர். நம் இரண்டு கொம்யூன்களுக்கும் பொதுவான பெருங்கவிஞர் என்று நாம் மேடைதோறும் சொல்கிற அவரை ஊர் எல்லைக்கு அப்பால் கொண்டுபோனவை பத்திரிகைகள். அவர் எழுதத் தொடங்கிய நாட்களில் புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. இங்கிருந்து சென்னைக்குப் போகும் ஒரு கவிதை இன்னோர் அரசின் எல்லையைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது. தாண்டிப் போனது, அச்சேறியது, படிக்கப்பட்டது. அங்கே யாரோ ஓர் இதழாசிரியர் உறையைப் பிரித்துப் படித்ததால்தான் சேலியமேட்டுக் கவிஞர் தமிழ்நாட்டுக் கவிஞர் ஆனார். புதுக்கோட்டையிலிருந்து வந்த 'பொன்னி' இதழ் 'பாரதிதாசன் பரம்பரை' என்ற தலைப்பில் இளங்கவிஞர்களை அறிமுகம் செய்தது. அந்தப் பரம்பரையோடு சேர்த்துத்தான் வாணிதாசனின் பெயரை இன்றும் சொல்கிறோம்.

இதழ்கள் நின்றுபோன வரலாறும் நம் மண்ணுக்குப் புதிதில்லை. பாரதியார் 1908இல் புதுச்சேரிக்கு வந்ததையொட்டி 'இந்தியா' வார இதழும் இங்கே வந்தது. பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் அது நுழைய முடியாதபடி அரசு வழியடைத்தது, 1910இல் நின்றது. பாரதிதாசன் 1935இல் 'ஸ்ரீ சுப்பிரமணிய பாரதி கவிதா மண்டலம்' தொடங்கினார். கவிதைக்கென்றே தமிழில் தோன்றிய முன்னோடி இதழ் அது. நெடுங்காலம் நிலைக்கவில்லை. பின்னால் அவர் நடத்திய 'குயில்' தடையைச் சந்தித்தது, நின்றது, 1958இல் வார இதழாக மீண்டும் வந்தது. 'இந்தியா'வை நிறுத்த ஒரு பேரரசு தேவைப்பட்டது. நம் காலத்து இதழ்களை நிறுத்த நம்முடைய அலட்சியமே போதுமானதாக இருந்தது.

வெளியூர்களில் நடந்ததையும் பார்ப்போம். சி. சு. செல்லப்பா 1959 ஜனவரியில் 'எழுத்து' தொடங்கினார். 2000 பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று அறிவித்தார்; அந்த வரம்பைத் தொடும் அளவுக்கு வாசகர்கள் கடைசி வரை சேரவில்லை. 1970 வரை 119 இதழ்கள் வந்தன. திருகோணமலையிலிருந்து எழுதி அனுப்பிய இளைஞர் பிரமிளை அடையாளம் கண்டு வெளியிட்டது அந்த இதழ்தான். தான் பதிப்பித்த நூல்களைத் தூக்கிச் சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார் அதன் ஆசிரியர். யாழ்ப்பாணத்தில் முடிதிருத்தும் நிலையத்தில் வேலை பார்த்த டொமினிக் ஜீவா 1966இல் 'மல்லிகை'யைத் தொடங்கி, தெருத்தெருவாகத் தன் கையாலேயே விற்று, போர்க்காலத்தையும் கடந்து 400 இதழ்கள் வரை கொண்டுபோனார். 1965இல் நா. பார்த்தசாரதி தொடங்கிய 'தீபம்', அவர் 1987இல் மறைந்த பிறகு அதிக நாள் நீடிக்கவில்லை. கோமல் சுவாமிநாதனை ஆசிரியராகக் கொண்ட 'சுபமங்களா' 1995இல் அவரோடு முடிந்தது. ஓர் ஆள் சுமக்கிறவரை இதழ் வந்திருக்கிறது; அந்த ஆள் சாய்ந்ததும் நின்றிருக்கிறது. பக்கத்தில் தோள் கொடுக்க எழுத்தாளர் கூட்டம் இருந்தும் சுமை கைமாறவில்லை. இதுதான் நாம் வெட்கப்பட வேண்டிய இடம்.

இனி நம் தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்வோம்.

படிக்காமலே அனுப்பினோம். ஓர் இதழின் முகவரி கிடைத்ததும் கைவசம் இருந்ததை உறையில் போட்டோம்; இப்போது மின்னஞ்சலில் தட்டிவிடுகிறோம். அந்த இதழ் எப்படிப்பட்ட எழுத்தை வெளியிடுகிறது, எத்தனை பக்கம் இடம் தரும், மரபுக்கவிதை போடுமா என்று பார்க்க ஓர் இதழையாவது வாங்கியதில்லை. பொருந்தாத படைப்புகள் நூறு குவிந்த மேசையில் பொருந்துகிற ஒன்று அடியில் போய்விட்டால், அதை அடியில் தள்ளியதில் நமக்கும் பங்கு உண்டு.

சந்தா கட்டவில்லை. நம் கதை வந்த இதழில் நமக்கு ஒரு பிரதி இலவசமாக வந்தது. போதாதென்று மாமாவுக்கும் தலைமையாசிரியருக்கும் இரண்டு பிரதி கேட்டு வாங்கினோம். 'தங்கள் சந்தா இத்துடன் முடிகிறது' என்று முகவரித் தாளில் முத்திரை குத்தி வந்ததை ஓரமாக வைத்தோம். ஒரு சிற்றிதழின் ஆண்டுச் சந்தா சில நூறு ரூபாய். நாம் நடத்தும் ஒரு நூல் வெளியீட்டு விழாவில் பொன்னாடைக்கும் டிஜிட்டல் பேனருக்கும் நினைவுப் பரிசுக்கும் போகும் பணத்தில் பல இதழ்களுக்குச் சந்தா கட்டியிருக்கலாம். கட்டவில்லை. அந்த மேடையிலேயே, தமிழில் நல்ல இதழ்கள் அருகிவிட்டன என்று பேசினோம்.

நாமும் பதில் எழுதவில்லை. ஆசிரியரின் மௌனத்தை மாதக்கணக்கில் எண்ணிய நாம், நம் மௌனத்தை எண்ணவில்லை. நம் கவிதையில் ஓர் எழுத்துப் பிழை வந்தால் அன்றைக்கே ஃபோன் செய்தோம். அதே இதழில் வந்த இன்னொருவரின் நல்ல கதையைப் பற்றி நாலு வரி எழுதத் தோன்றவில்லை. சிற்றிதழ் ஆசிரியருக்குச் சம்பளம் கிடையாது. ஒரு பள்ளியிலோ அலுவலகத்திலோ பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு, இரவில் படைப்புகளைப் படித்து, மெய்ப்புத் திருத்தி, முகவரி ஒட்டி, கட்டுகளை அஞ்சலகத்துக்குச் சுமக்கிறவர் அவர். காகிதம், அச்சு, அஞ்சல் என மூன்று செலவும் ஏறிக்கொண்டே இருக்கின்றன. நூல்களைக் குறைந்த செலவில் அனுப்ப உதவிய பதிவுப் புத்தக அஞ்சலும் 2024 டிசம்பரில் நின்றுவிட்டது. இத்தனைக்கும் நடுவில் அவரை எழுந்து உட்கார வைப்பது ஒரு வாசகர் கடிதம். அதைக்கூட நாம் தரவில்லை.

ஒரே படைப்பைப் பல இடங்களுக்கு அனுப்பினோம். ஓர் இதழ் ஏற்றுக்கொண்ட பிறகு மற்ற இதழ்களுக்குச் சொல்லவில்லை. இரண்டு இதழ்களில் ஒரே கதை வந்தபோது, இரண்டிலும் வந்தது என்று பெருமைப்பட்டோம். ஆறு பக்கத்தை நமக்காக ஒதுக்கிய சின்ன இதழுக்கு அது எத்தனை பெரிய நட்டம் என்று நினைக்கவில்லை. அந்த ஆசிரியர் அதன் பிறகு அறிமுகம் இல்லாத பெயர்களை நம்பத் தயங்கியிருந்தால், நமக்குப் பின்னால் எழுத வந்த பிள்ளைகளின் வழியை நாம் அடைத்துவிட்டோம்.

பெயர் வந்ததும் விலகினோம். முதல் கதையைப் போட்டது சிற்றிதழ். நாலு பேர் அறிந்த பின் நாம் போய்ச் சேர்ந்தது வேறு இடம். வளர்வதில் தவறில்லை. ஆனால் அந்தப் பழைய ஆசிரியர் ஆண்டு மலருக்கு ஒரு கதை கேட்டபோது, யாரும் ஏற்காமல் கிடந்ததை எடுத்துக் கொடுத்தோம். அல்லது பதிலே சொல்லவில்லை. அவர் மௌனத்தைக் குறை சொல்லும் தகுதியை நாம் இழந்தது அன்றைக்கு.

நின்ற பிறகும் நன்றி சொல்லவில்லை. ஓர் இதழ் நின்றது என்று தெரிந்தபோது 'நின்னு போச்சா?' என்று கேட்டதோடு சரி. அச்சகத்தில் பாக்கி இருக்கிறதா என்று விசாரிக்கவில்லை. அதில் வந்த நம் படைப்புகளை மட்டும் கிழித்து வைத்துக்கொண்டு மிச்சத்தைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டோம். கையெழுத்துப் படிக்கு நகல் வைத்துக்கொள்ளாமல் அனுப்பிவிட்டு, இதழோடு கதையும் போயிற்று என்று புலம்பினோம். கோட்டையூர் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் சேர்த்துவைத்ததால்தான் பல பழைய இதழ்கள் இன்று சென்னையில் அவர் பெயரிலான நூலகத்தில் கிடைக்கின்றன. நாம் நமது கிளை நூலகத்தில் ஒரு தொகுதியைக்கூடக் கட்டி வைக்கவில்லை.

உள்ளூர்க் கணக்கு இன்னும் கசப்பானது. மண்ணாடிப்பட்டுக் கொம்யூனைச் சேர்ந்த கூனிச்சம்பட்டில் பிறந்தவர் இலக்கண அறிஞர் இரா. திருமுருகன். அவர் ஆசிரியராக இருந்து நடத்திய 'தெளிதமிழ்' புதுச்சேரி இதழ். முனைவர் க. தமிழமல்லனின் 'வெல்லும் தூயதமிழ்' புதுச்சேரி இதழ். இந்த இதழ்களின் சந்தாப் பட்டியலில் வில்லியனூர், பாகூர் என்ற ஊர்ப் பெயர்கள் எத்தனை முறை வந்திருக்கும்? அவற்றின் மொழிக் கொள்கையில் நமக்கு முழு உடன்பாடு இல்லை என்று சிலர் காரணம் சொல்லலாம். உடன்படாதவர் மறுத்து எழுதியிருக்கலாம். மறுப்பும் ஓர் இதழுக்கு உரம்தான். வாங்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை என்றால் அதற்கு வேறு காரணம் கிடையாது, புறக்கணித்தோம்.

இதைச் சொல்லும்போது இதழாசிரியர்கள் தரப்பில் குறையே இல்லை என்று சொல்லவில்லை. படைப்பு கிடைத்ததா, இல்லையா என்றுகூடத் தெரியாமல் ஒரு புதிய எழுத்தாளரை ஓராண்டு காக்க வைப்பது கொடுமை. 'மூன்று மாதத்துக்குள் தகவல் வராவிட்டால் வேறு இதழுக்கு அனுப்பிக்கொள்ளலாம்' என்ற ஒரு வரியை இதழிலேயே அச்சிட்டுவிட்டால் பாதி மனவருத்தம் தீரும். நிறுத்துகிறபோது, இது கடைசி இதழ் என்று அறிவித்துவிட்டு நிறுத்தலாம். கைவசம் உள்ள படைப்புகளை விடுவித்துவிடலாம். மிச்சச் சந்தாவுக்கு ஒரு வழி சொல்லலாம். இவற்றைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. ஆனால் சந்தாதாரராக, வாசகராக, கடிதம் எழுதுகிறவராக இருந்து கேட்கும்போதுதான் அந்தக் கேள்விக்கு வலு வரும்.

பாகூர்க்காரர்களுக்கு இதில் கூடுதல் பொறுப்பு இருக்கிறது. 9ஆம் நூற்றாண்டில், பல்லவன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், பாகூரில் இருந்த வித்தியாஸ்தானம் என்னும் கல்வி நிலையத்துக்காக மூன்று ஊர்களின் வருவாய் எழுதிவைக்கப்பட்டது. பாகூர்ச் செப்பேடு அதைச் சொல்கிறது. படிப்பும் எழுத்தும் நிலைக்க வேண்டுமானால் நிலையான வருவாய் வேண்டும் என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஊர் அறிந்திருந்தது. அந்தச் செப்பேட்டைப் பற்றி நாம் கட்டுரை எழுதுகிறோம். எழுதிய கட்டுரையை வெளியிடும் இதழுக்கு ஆண்டுச் சந்தா கட்டுவதில்லை. பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்கு வரும் தண்ணீரில் பயிர் செய்கிறவர் வாய்க்கால் தூர்ந்தால் தானும் மண்வெட்டி எடுக்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். எழுதுகிறவருக்கும் அந்த வழக்கம் பொருந்தும்.

என்ன செய்யலாம்? பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். எழுதுகிற ஒவ்வொருவரும் குறைந்தது ஓர் இதழுக்குச் சந்தா கட்டுவோம். தனியாக முடியாதவர்கள் ஐந்து பேர் சேர்ந்து ஐந்து இதழ்களுக்குக் கட்டி மாற்றிப் படிப்போம். படித்த இதழ்களை ஆண்டு முடிவில் கட்டு கட்டி வில்லியனூர், பாகூர் கிளை நூலகங்களில் ஒப்படைப்போம். ஓர் இதழ் கிடைத்தால், நம் எழுத்து அதில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு கடிதம் எழுதுவோம். ஒரு நேரத்தில் ஒரு படைப்பை ஓர் இதழுக்கு மட்டும் அனுப்புவோம். திரும்பப் பெறுவதானால் எழுதித் தெரிவித்துவிட்டுப் பெறுவோம். கூட்டம் நடத்துகிறவர்கள் பொன்னாடைக்குப் பதிலாகச் சிறப்பு விருந்தினர் பெயரில் ஒரு சந்தா கட்டி ரசீதைக் கொடுக்கட்டும். தமிழாசிரியர்கள் வகுப்புக்கு ஓர் இதழை எடுத்துப்போய்ப் பிள்ளைகளின் கையில் கொடுக்கட்டும். எங்காவது ஓர் இதழ் நின்றால் அதன் முழுத் தொகுதியையும் தேடிச் சேர்ப்போம். அந்த ஆசிரியருக்கு நன்றி சொல்லி ஒரு கடிதம் அனுப்புவோம்.

ஜூலை 22 வாணிதாசன் பிறந்த நாள். ஆண்டுதோறும் அன்று மாலை போடுகிறோம், கவியரங்கம் நடத்துகிறோம். இனி அந்த நாளில் ஒவ்வொருவரும் தாம் சந்தா கட்டிய இதழின் பெயரைச் சொல்லிவிட்டு மேடையேறுவது என்று வைத்துக்கொள்வோம். சந்தா கட்டாதவர் கவிதை படிக்க வேண்டாம். இந்தக் கட்டுப்பாட்டை முதலில் நமக்கு நாமே போட்டுக்கொள்வோம். அதுவரை, எந்த இதழும் பதில் போடவில்லை என்று குறை சொல்வதை நிறுத்திவைப்போம்.