'எலிகளில்' என்ற ஒரு சொல்

"மறதிநோய்க்கு மருந்து கண்டுபிடிப்பு" என்ற செய்தியைச் செல்போனில் காட்டி, "அம்மாவுக்கு இது எப்ப கிடைக்கும் டாக்டர்?" என்று கேட்கும் மகளுக்கு என்ன பதில் சொல்வது? செய்தியைக் கடைசிவரை படித்தால்தான், மருந்து கொடுக்கப்பட்டது சுண்டெலிகளுக்கு என்பது தெரியவரும். அந்த எலிகளுக்கும் நோய் தானாக வந்ததில்லை. மரபணுவை மாற்றி, அல்சைமரின் சில கூறுகளை மட்டும் உண்டாக்கி வளர்க்கப்பட்டவை அவை. எலிகளிடம் பலித்த எத்தனையோ அல்சைமர் மருந்துகள் மனிதர்களிடம் தோற்றுப்போயின.

இதற்குப் பத்திரிகைகளைக் குறை சொல்வது வழக்கம். குறை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தவறு பல நேரம் ஆய்வுக்கட்டுரையின் தலைப்பிலேயே தொடங்கிவிடுகிறது. 2018, 2019 ஆண்டுகளில் வந்த, எலிகளை வைத்துச் செய்த 623 அல்சைமர் ஆய்வுக்கட்டுரைகளை அலசிய ஓர் ஆய்வு, 2021-ல் 'பிளாஸ் பயாலஜி' இதழில் வெளியானது. தலைப்பில் எலியைச் சொல்லாமல் விட்ட கட்டுரைகளுக்கே செய்திகளில் கூடுதல் இடம் கிடைத்திருந்தது. கட்டுரையின் தலைப்பில் எலி இல்லாதபோது, செய்தியின் தலைப்பிலும் பெரும்பாலும் இல்லை. மறைத்தவருக்குப் பரிசு கிடைக்கும் ஏற்பாடு இது. இதை அவரவர் மனச்சாட்சிக்கு விட்டுவிட முடியாது. எந்த உயிரில் சோதித்தோம் என்பதைத் தலைப்பிலேயே சொல்ல வேண்டும் என்று மருத்துவ ஆய்விதழ்கள் கட்டாய விதி போட வேண்டும்.

அடக்கமாகத் தலைப்பு வைத்தால் ஆய்வு எடுபடாது என்பார்கள். ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் 1928-ல் 'நேச்சர்' இதழுக்கு எழுதிய குறிப்பின் தலைப்பு, 'ஒரு புதுவகை இரண்டாம்நிலைக் கதிர்வீச்சு'. அவ்வளவுதான். இரண்டே ஆண்டில் ராமனுக்கு நோபல் பரிசு வந்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930-ல் கப்பலேறிய சந்திரசேகர், மறு ஆண்டு வெளியிட்ட இரண்டு பக்கக் கட்டுரைக்கு வைத்த தலைப்பு இன்னும் கவனிக்கத்தக்கது: 'நல்லியல்பு வெண்குறு விண்மீன்களின் உச்சபட்ச நிறை'. அந்த 'நல்லியல்பு' என்ற சொல்லை எடுத்துவிட்டால் தலைப்பு இன்னும் கம்பீரமாக ஒலித்திருக்கும். ஆனால் அவர் கணக்குப் போட்டது எளிமைப்படுத்திய ஒரு விண்மீனுக்கு. அந்த வரம்பை உள்ளே எங்கோ அடிக்குறிப்பில் ஒதுக்காமல் வாசலிலேயே எழுதி வைத்தார், இருபது வயது இளைஞர். டிஎன்ஏவின் வடிவத்தை 1953-ல் அறிவித்த வாட்சனும் கிரிக்கும்கூட, தலைப்பில் 'ஓர் அமைப்பு' என்றுதான் எழுதினார்கள்.

விஞ்ஞானிகள் கட்டுரை முழுவதையும் படிப்பார்கள், அவர்கள் ஏமாற மாட்டார்கள் என்பது இன்னொரு வாதம். இணையத்தில் தேடும் ஆய்வு மாணவரின் திரையில் முதலில் வரிசையாக வந்து நிற்பவை தலைப்புகள் மட்டுமே. நூறு தலைப்புகளைப் பார்த்துப் பத்தைத்தான் திறக்கிறார். மற்ற தொண்ணூறைப் பற்றி அவர் மனதில் தங்குவது தலைப்பு சொன்னதுதான்.

விதி போடுவது புதிதும் அல்ல. மனிதர்களிடம் நடத்தும் மருந்துச் சோதனைகளுக்கான 'கன்சார்ட்' நெறிமுறையின் 2010-ஆம் ஆண்டுப் பதிப்பு, எடுத்த எடுப்பிலேயே, சமவாய்ப்பு முறையில் செய்த சோதனை என்பதைத் தலைப்பில் குறிப்பிடச் சொல்கிறது. விலங்கு ஆய்வுகளுக்கான 'அரைவ்' நெறிமுறை, விலங்கின் இனத்தைக் கட்டுரைச் சுருக்கத்தில் சொன்னால் போதும் என்று நின்றுவிடுகிறது. அங்கேதான் ஓட்டை. அதை அடைக்க 'எலிகளில்' என்ற ஒரு சொல் போதும். ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்களில் சோதித்தால், அதற்கும் ஒரு சொல். மஞ்சளின் குர்குமினைத் தட்டிலுள்ள புற்றுநோய் செல்களின் மேல் நேராக ஊற்றுவது வேறு. சாப்பிட்ட மஞ்சளிலிருந்து ரத்தத்தில் சேரும் சொற்ப அளவு வேறு.

நம் பல்கலைக்கழகங்கள் நடத்தும் ஆய்விதழ்கள், வெளிநாட்டு இதழ்கள் மாறட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. கட்டுரையாளர்களுக்கான குறிப்பில் ஒரு வரி சேர்த்தால் முடிந்தது. மருத்துவ ஆய்வுச் செய்திகளின் தலைப்பில், சோதனை மனிதரிடமா விலங்கிடமா என்பதை இன்றுமுதல் இந்த நாளிதழும் சொல்லும்.