கோவில் கவுண்டருக்கு எந்த லினக்ஸ்? சண்டை போதும், முடிவெடுப்போம்



அர்ச்சனைச் சீட்டு கவுண்டரிலும் அலுவலகத்திலும் இருக்கிற எட்டு கணினிகளை என்ன செய்வது என்று வாட்சாப் குழுக்களில் ஓடிக்கிட்டிருக்கிற விவாதம் உங்க காதுக்கும் வந்திருக்கும். கோவிலில் கணினி வேலையைப் பார்க்கிற தொண்டர்கள் நாங்க. எங்க நிலைப்பாட்டை வெளிப்படையாகவே எழுதுகிறோம். கோபப்படுகிறவர்கள் முழுசா படிச்சிட்டு கோபப்படுங்க.

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. காசு கட்டினால் கொஞ்ச காலம் நீட்டிப்பு கிடைக்கும், அவ்வளவுதான். நம்ம பழைய கணினிகளில் விண்டோஸ் 11 முறையாக ஏறாது. அதுக்கு டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லும் புதிய தலைமுறை செயலியும் வேணும். ஆனா இதே கணினிகளில்தான் உங்க பெயர், நட்சத்திரம், கைப்பேசி எண், உபயக் கணக்கு எல்லாம் இருக்கு. நம்பிக் கொடுத்தீங்க. அதைப் பூட்டில்லாத அறையில் வைத்திருப்பது நியாயமா?

"எட்டையும் தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குவோம்" என்கிறார்கள் சிலர். வாங்கலாம். யார் காசில்? உண்டியலில் விழுகிற காசில்தானே? பெயரைத் தட்டி, சீட்டு அச்சடித்துக் கொடுக்கிற வேலைக்கு நல்லா ஓடுகிற கணினியைக் குப்பைக்கு அனுப்புவது வசதி இல்லை, வீண்செலவு.

நாங்க சொல்வது தின் கிளையண்ட் முறை. அலுவலகத்தில் நல்ல சர்வர் ஒன்று. எட்டு கணினியும் தங்கள் வன்தட்டைத் தொடாமல், வலைப்பின்னல் வழியாக அந்த சர்வரிலிருந்தே இயங்குதளத்தை எடுத்துக்கொண்டு எழும். எட்டு இடத்தில் அடுப்பு மூட்டாமல் ஒரே மடப்பள்ளியில் சமைத்து எட்டு பந்திக்குப் பரிமாறுவது மாதிரி. திருத்தம் போடணுமா? சர்வரில் ஒரு தடவை போட்டு, கவுண்டர்களை மறுபடி திறந்தால் போதும். பக்தர்களின் விவரமும் சர்வரில்தான் தங்கும். நாளைக்கு ஒரு கவுண்டர் கணினி திருடு போனாலும் உங்க கைப்பேசி எண் அதோடு போகாது. இதைச் செய்யும் எல்டிஎஸ்பி என்ற இலவச மென்பொருள் 1999-இல் தொடங்கியது. நேத்து முளைத்ததல்ல.

இதுவரைக்கும் பெரும்பாலானோர் ஒத்துக்கொண்டாங்க. அப்புறம்தான் கூத்தே ஆரம்பம். எந்த லினக்ஸ்?

ஒரு தம்பி ஆர்ச் என்கிறார். அது புதுசு புதுசாக மாறிக்கொண்டே இருக்கும். வீட்டில் விளையாட அருமை. தைப்பூசத்துக்கு முதல் நாள் பால்குடச் சீட்டு வரிசை வாசலைத் தாண்டி நிற்கும்போது அந்த விளையாட்டு வேண்டாம். இன்னொருவர் ஃபெடோரா என்கிறார். அதன் ஒரு பதிப்புக்கு சுமார் 13 மாதம்தான் ஆதரவு. ஒவ்வொரு வருஷமும் கவுண்டரைப் புரட்டிப் போட நமக்கு ஆள் இருக்கா? காளி லினக்ஸ் என்றும் ஒருவர் கேட்டார். அம்மன் பெயர் இருப்பது சந்தோஷம்தான், ஆனா அது பாதுகாப்பைச் சோதிக்கிறவர்களுக்கான ஆயுதப்பெட்டி. சீட்டு அடிக்க அது எதுக்கு?

சென்ட்ஓஎஸ் கதையையும் நினைவில் வையுங்க. அதன் 8-ஆம் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு என்றிருந்தது. 2020 டிசம்பரில் அதன் பின்னால் இருந்த நிறுவனம் முடிவை மாற்ற, 2021 கடைசியோடு முடிந்தது. ஒரே நிறுவனத்தின் கையில் குடுமியைக் கொடுத்தால் இதுதான் நடக்கும்.

எங்க முடிவு டெபியன். 1993-லிருந்து தன்னார்வலர்கள் கூடி நடத்துகிற திட்டம் அது. ஒரு பதிப்புக்கு மூன்று வருஷ முழு ஆதரவு, மேலும் இரண்டு வருஷ நீண்டகால ஆதரவு. 2025 ஆகஸ்டில் வந்த 13-ஆம் பதிப்பை இன்று போட்டால் 2030 வரை கவலை இல்லை. எல்டிஎஸ்பி டெபியன், உபுண்டு குடும்பத்தில் நல்லா ஓடும். உபுண்டு நீண்டகாலப் பதிப்பை யாராவது விரும்பினால் நாங்க மல்லுக்கட்ட மாட்டோம். அதுவும் நல்லதே.

"டெபியன் சலிப்பா இருக்கும்" என்கிறார்கள். ஆமாம், கவுண்டருக்கு அதுதான் வேணும். கணினியைத் தேர்ந்தெடுக்கிறவருக்காக அல்ல, ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே உட்காருகிற அக்காவுக்காகத் தேர்ந்தெடுக்கிறோம். நாளைக்கு நாங்க வேலை மாறி ஜோகூருக்கோ சிங்கப்பூருக்கோ போய்விட்டால், அடுத்த தொண்டர் வந்து கையில் எடுக்கவும் முடியணும். தனக்கு மட்டும் புரிகிற ஒன்றைக் கோவிலில் நட்டுவிட்டுப் போவது தொண்டு ஆகாது.

கேள்விகளுக்கும் வருவோம்.

சர்வர் படுத்தால் எட்டும் படுக்குமே? உண்மை. அதனால்தான் அதே படிமத்தோடு இரண்டாவது சர்வர் ஒன்று தயாராக இருக்கணும், மின்தடைக்கு யுபிஎஸ் இருக்கணும், கணக்கின் நகல் தினமும் வேறு இடத்தில் சேரணும் என்கிறோம். இதுக்கு ஆகும் செலவு எட்டு புதுக் கணினி வாங்குவதைவிடக் குறைவு.

தமிழ் தட்டச்சு? தமிழ்99, ஒலிபெயர்ப்பு இரண்டும் உண்டு, யூனிகோட் எழுத்துருக்களும் உண்டு. பழைய எழுத்துருவில் கிடக்கும் உபயப் பட்டியலை யூனிகோடுக்கு மாற்றும் வேலை பாக்கி. அதை விண்டோஸில் இருந்தாலும் ஒரு நாள் செய்துதான் ஆகணும். முரசு அஞ்சல் பிறந்த நாட்டில் இருந்துகொண்டு தமிழ் தட்டச்சுக்குப் பயப்படலாமா?

சீட்டு அச்சுப்பொறி? இது மட்டும் நியாயமான கவலை. எல்லா மாடலும் லினக்ஸோடு ஒத்துப் போகாது. அதனால் முதலில் ஒரே ஒரு கவுண்டரில் ஒரு மாதம் ஓட்டிப் பார்ப்போம். உட்காருகிறவர்கள் வேண்டாம் என்றால், அவங்க சொல்லே கடைசி.

கமிட்டிக்கு எங்க வேண்டுகோள் ஒன்றுதான். அடுத்த கூட்டத்தில் இதை முடிவு பண்ணுங்க. தம்பிகளே, உங்களுக்குப் பிடித்த லினக்ஸை வீட்டில் வைத்துக்கோங்க. கோவிலுக்கு உங்க கையும் நேரமும் வேணும். பக்தர்களே, உங்க காசு, உங்க விவரம். கமிட்டியிடம் நீங்களும் கேளுங்க.