ஊர் என்ன சொல்லும்?

அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவிலுக்குச் சுமார் 45 கிலோமீற்றர். திருக்கோவில், கோமாரி வழியே பெரிய ஏற்றமில்லாத பாதை. மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் மிதித்தால் மூன்று மணித்தியாலம் போதும். தினமும் டியூசனுக்குச் சைக்கிளில் போகும் எங்கள் கால்களுக்கு இது முடியாத தூரமல்ல.

ஆனால், நானும் தோழியும் கேட்டால், "ஊர் என்ன சொல்லும்?" என்கிறார்கள். தம்பி கூட்டாளியுடன் போகக் கேட்டால் அந்தக் கேள்வியே எழுவதில்லை.

வெயிலுக்கும் வாகனங்களுக்கும் பயப்படுவது நியாயம். அதற்கு வழியுண்டு: சுபஹுத் தொழுததும் புறப்படலாம், ஒவ்வோர் ஊரிலும் நின்று வீட்டுக்கு அழைக்கலாம். ஊர்ப்பேச்சுக்கு மட்டும் எந்த ஏற்பாடும் போதாது.

கழன்ற செயினை மாட்டவும், களைத்த தோழிக்காக வேகத்தைக் குறைக்கவும் பாதைதான் கற்றுத்தரும். பெற்றோரே, உங்கள் பயத்தைச் சொல்லுங்கள். சேர்ந்து தீர்வு தேடுவோம். ஊரின் வாயைக் காரணமாக்காதீர்கள்.