முட்டை அல்ல, கடல்

2020 அக்டோபரில் குன்னத்தில் குளத்து மண்ணை வெட்டியபோது உருண்டைக் கற்கள் வெளிவந்தன. பெரம்பலூரில் டைனோசர் முட்டை என்று செல்போன் செல்போனாகச் செய்தி பறந்தது. நிலவியல் அறிந்தவர்கள் பார்த்துவிட்டு, முட்டை அல்ல, அம்மோனைட் என்ற கடலுயிரின் படிவுகள் என்று அப்போதே சொல்லிவிட்டார்கள். பேச்சு மட்டும் அடங்கவில்லை. ரஞ்சன்குடி கோட்டை பார்க்க வருகிறவர்கள் இன்றைக்கும், "இந்தப் பக்கம்தானே டைனோசர் முட்டை கிடைச்சுது?" என்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

உருண்டையாக இருக்கிறதே என்பது முதல் வாதம். சேற்றில் புதைந்த உயிர் அழுகும்போது அதைச் சுற்றிச் சுண்ணாம்பு படிந்து இறுகும். எல்லாப் பக்கமும் ஒரே சீராக வளர்ந்தால் உருண்டைதான் வரும்.

மேலே ஓடு உரிகிறதே என்கிறார்கள். வெயிலிலும் மழையிலும் கிடக்கும் கல் அடுக்கடுக்காக உரியும். முட்டை ஓடு என்றால் சில மில்லிமீட்டர் தடிமனில், நெருக்கமாக நிற்கும் கால்சைட் படிகங்களும், குஞ்சு மூச்சுவிட நுண்துளைகளும் வேண்டும். நுண்ணோக்கியில் அதைக் காட்டாதவர் முட்டை என்று பேசவே கூடாது.

இவர்கள் யாருமே கேட்காத கேள்வி, அந்த மண் எது என்பது. நர்மதைப் பள்ளத்தாக்கில், தார் மாவட்டத்தில் 92 கூடுகளும் 256 முட்டைகளும் கிடைத்ததாக 2023இல் ஆய்வு வெளியானது. அவை தரையில் இட்ட முட்டைகள். நம் பெரம்பலூர் மாவட்டத்துக் காரைப் பக்கம் போய்ப் பாருங்கள். புல் முளைக்காமல் மழைநீர் அறுத்துப்போட்ட களிமண் மேடுகள். ஜிப்சம் தகடுகள் வெயிலில் பளபளக்கும். அது சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடலின் அடித்தளம். விரல் நீளத்தில் கூர்முனையோடு கிடக்கும் கற்களில் ஒன்றை ஒடித்தால், வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து நாலாபுறமும் இழைகள் விரியும். அது பெலெம்னைட், கணவாயின் உறவு. அம்மோனைட்டும் அதே கூட்டம்தான். அதன் சுருள் ஓட்டுக்குள் வரிசையாக அறைகள். கடைசி அறையில்தான் உயிர் குடியிருந்தது. மற்ற அறைகளின் வழியே ஓடிய ஒரு குழாய் அவற்றிலிருந்து நீரை வெளியேற்றி வாயுவை நிரப்ப, ஓடு மிதந்தது. அறைகளைப் பிரிக்கும் சுவர் ஓட்டோடு சேரும் இடத்தில், கீரை இலையின் ஓரம்போல நெளிந்து நெளிந்து ஒரு கோடு ஓடும். இனத்துக்கு இனம் அந்த நெளிவு மாறும். இன்ன அம்மோனைட் என்று அடையாளம் சொல்வதில் அந்தக் கோட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. எந்த முட்டையிலாவது இப்படி ஒரு கோடு உண்டா? கடல் களிமண்ணில், கணவாயின் சொந்தங்களுக்கு நடுவே கிடக்கும் கல்லை எடுத்து, தரையில் முட்டையிட்ட விலங்கின் தலையில் கட்டுகிறார்கள்.

அரியலூரில் டைனோசர் எலும்பே கிடைத்திருக்கிறதே என்பார்கள். கிடைத்தது, கல்லமேட்டில். அது காலத்தால் பிந்தைய வேறு அடுக்கு. அந்த எலும்பைக் காட்டிக் குன்னத்துக் கல்லை முட்டையாக்க முடியாது.

கடைசியாக ஒன்று சொல்வார்கள், டைனோசர் என்றால்தான் பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்களாம். இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. 1840களில் கேய், கன்லிஃப் என்ற இருவர் இந்தப் பகுதிகளில் சேகரித்த புதைபடிவங்களை லண்டனில் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் ஆராய்ந்து எழுதினார். 1860களில் நிலவியலாளர் ஸ்டோலிச்கா இவற்றைப் பற்றித் தொகுதி தொகுதியாக எழுதினார். அவர்களை இழுத்தது டைனோசர் அல்ல. இந்தச் சிப்பிகளும் சுருள்களும்தான். பக்கத்து ஓடையில் கடல் கிடக்கிறது என்று ஒரு பிள்ளையிடம் சொல்லிப் பார்த்துவிட்டு அல்லவா, அதற்கு ஆர்வமில்லை என்று பேச வேண்டும்?

முட்டை என்று நம்பி வீட்டுக்குத் தூக்கிப்போன கல், எந்த ஓடையில், எந்த அடுக்கில் கிடந்தது என்ற விவரத்தை இழந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அது ஆய்வுக்குப் பெரிதாக உதவாது. அப்படி எடுத்துப்போய் வைத்திருப்பவர்கள், நினைவு மங்குமுன் இடத்தைத் தாளில் எழுதிக் கல்லோடு சேர்த்து அரியலூர் மாவட்டத்து வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்தில் கொடுங்கள்.