துடைக்குமுன் சற்றுப் பொறுங்கள்



சென்ற மாதம் இளைஞர் ஒருவர், மறைந்த தம் தந்தையாரின் காமிராவை நம்மிடம் கொணர்ந்தார். “அப்பா இதைத் தினமும் வேட்டித் தலைப்பால் துடைத்துத்தான் பெட்டியில் வைப்பார். ஆயினும் படங்கள் மங்கலாக விழுகின்றனவே, சுவாமி?” என்று வினவினார். லென்ஸை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தோம். கண்ணாடி முழுதும் வட்ட வட்டமாக மயிரிழைக் கீறல்கள்! அன்பு மிகுதியால் நேர்ந்த சேதம் அது.

தூசியில் கண்ணுக்குப் புலப்படாத மணல் துகள்கள் உண்டு. அவை கண்ணாடியினும் கடினமானவை. அவற்றின்மேல் துணியை வைத்து அழுத்தினால் கீறல் விழாமல் என் செய்யும்? மேலும், பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் ஏறத்தாழ 4 விழுக்காடு ஒளியைத் திருப்பிவிடும். இதனைக் குறைக்கும் மெல்லிய பூச்சு முறையை 1935-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தைச் சார்ந்த அலெக்சாண்டர் ஸ்மாகுலா கண்டார். அப்பூச்சின் கனம் மில்லிமீட்டரில் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்கே!

ஆகவே, முதலில் லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்து, ரப்பர்க் குமிழை அழுத்திக் காற்றால் தூசியை விரட்டுக. வாயால் ஊதலாகாது, எச்சில் தெறிக்கும். எஞ்சியதை மென்மையான தூரிகையால் நீக்குக. தூரிகை நுனியை விரலால் தொடலாகாது. எண்ணெய்ப் பசை ஒட்டிக்கொள்ளும். விரல் ரேகை படிந்திருந்தால் மட்டுமே, லென்ஸுக்கென விற்கும் துணியில் லென்ஸ் திரவம் ஓரிரு துளி விட்டு, நடுவிலிருந்து விளிம்பு நோக்கி அழுத்தாமல் வட்டமாகத் துடைக்கவும். திரவத்தை லென்ஸின்மேல் நேரே விட்டால் விளிம்பு வழியே உட்புகுந்துவிடும். கைப்பேசியில் எடுக்கும் படங்கள் மங்குவதற்கும் பெரும்பாலும் விரல் எண்ணெயே காரணம்.

லென்ஸின் முகப்பிலுள்ள ஓரிரு தூசிகள் படத்தில் தெரிவதே இல்லை, அவற்றை விட்டுவிடலாம். அஞ்சவேண்டியது பூஞ்சணத்தையே. ஈரக் காற்றில் அது உள்ளே வளர்ந்து, தான் சுரக்கும் அமிலத்தால் கண்ணாடியையே அரிக்கும். மழைக்காலத்தில் தோலுறையில் வைத்துப் பூட்டாமல், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வைத்தல் நலம்.

அவ்விளைஞரின் லென்ஸில் விழுந்த கீறல்களை நீக்க வழியில்லை. வெயில் நேரே படாதவாறு லென்ஸுக்கு மறைப்பு மாட்டிப் படமெடுத்தால் மங்கல் குறையும் என்று கூறி அனுப்பினோம். பொருளைப் பேணுவோர், எப்பொழுது கைவைக்கலாகாது என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும்.