வாடி என்ற வாடாத மரம்

பெயர்தான் வாடி. ஆனால் லேசில் வாடாத மரம்! ஆஸ்திரேலியாவின் நடுவே, சிம்ப்சன் பாலைவனத்தின் ஓரங்களில் வளர்கிறது. அங்கே ஆண்டுக்குச் சுமார் 150 மில்லிமீட்டர்தான் மழை. தாவரவியல் பெயர் அக்கேசியா பியூசே. 1863-ல் பெர்டினாண்ட் வான் முல்லர் வைத்த பெயர் இது. இன்று இது கூட்டமாக இருப்பது மூன்று இடங்களில்தான்: குயின்ஸ்லாந்தில் பேர்ட்ஸ்வில், பௌலியா, வடக்குப் பிரதேசத்தில் அண்டாடோ.

தூரத்தில் பார்த்தால் சவுக்கு மரம் என்றே தோன்றும். இரண்டிலும் ஊசி ஊசியாகத் தொங்கும். பிறகு எப்படிக் கண்டுபிடிப்பது? சவுக்கின் ஊசியில் கணுக்கள் இருக்கும், இழுத்தால் கணுவில் கழன்று வரும். வாடியின் ஊசியில் கணு கிடையாது. அது இலைக்காம்பு உருமாறி வந்தது. சவுக்கில் சின்னக் கட்டைக் காய். வாடியிலோ காகிதம் போல் தட்டையான நீண்ட காய். நம்ம ஊர் கருவேலம் போல இதுவும் அவரைக் குடும்பம்தானே!

நிலத்தையும் பார்க்க வேண்டும். அங்குள்ள பாலைவனச் சவுக்கு செம்மணல் மேடுகளில் நிற்கும். வாடி பெரும்பாலும் கல் பரவிய சமவெளியில் நிற்கும்.

ஆனால் பெரிய மரத்தை மட்டும் அடையாளம் தெரிந்தால் போதுமா? போதாது. இளம் வாடி பெரிய மரம் போலவே இருக்காது. கூம்பு வடிவில், குத்தும் முட்புதர் போல நிற்கும். தெரியாதவர் ஏதோ முள்செடி என்று கடந்து போவார். சிக்கலே இங்கேதான். கட்டை மிகக் கடினம் என்பதால் குடியேறியவர்கள் வேலிக் கம்பங்களுக்காகப் பெரிய மரங்களை வெட்டினார்கள். கன்றுகளை மாடுகள் மேய்ந்தும் மிதித்தும் அழிக்கின்றன. நல்ல மழை அபூர்வம் என்பதால் புதுக் கன்றுகள் முளைப்பதும் அபூர்வம். ஒரு தலைமுறைக் கன்றுகள் போனால் அடுத்தது எப்போது வரும்?

"இதெல்லாம் தாவரவியல் மாணவர் வேலை" என்று சொல்லலாம். ஆனால் மாடு எங்கே மேய வேண்டும், பாதை எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்பவர் மாணவர் அல்ல, பண்ணைக்காரரும் சாலைப் பணியாளரும்தான். அவர்களுக்குக் கன்றின் முகம் தெரிய வேண்டும். கிழட்டு மரங்களை மட்டும் காப்பாற்றினால் காடு மிஞ்சாது நண்பர்களே, கண்காட்சிதான் மிஞ்சும்!