மணல் இருந்தால் லென்ஸ் ஆகிவிடாது

“கண்ணாடியையே முப்பரிமாண அச்சில் எடுக்கிறார்களாம். கிந்தாப் பள்ளத்தாக்கில் ஈயம் கழுவி விட்ட மணல் சும்மா கிடக்கிறது. ஒரு அச்சு இயந்திரம் வாங்கிப் போட்டால் தோட்டத்துப் பிள்ளைகள் லென்ஸ் தொழிலில் இறங்கிவிடலாம்.” ஈப்போ ஒட்டுக்கடைப் பேச்சில் இப்படியொரு நம்பிக்கை அடிபடுகிறது. ஆசை நல்லதுதான், கணக்குத்தான் உதைக்கிறது.

முதலில் மணல். 2017இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ தொழில்நுட்பக் கழகத்தில் பாஸ்டியன் ராப் குழுவினர் தூய சிலிக்காக் கண்ணாடியை அச்சிட்டுக் காட்டினார்கள். ஒளி பட்டால் இறுகும் பிசினில் அவர்கள் கலந்தது 40 நானோமீட்டர் அளவுள்ள சிலிக்காத் தூள். அந்தத் தூளை யாரும் தோண்டி எடுப்பதில்லை. சிலிக்கன் குளோரைடு ஆவியைத் தீச்சுடரில் எரித்துப் பெறுகிறார்கள். ஈயக்குட்டை மணலிலிருந்து அந்த ஆவிக்குப் போய்ச் சேர, நடுவில் ஒரு பெரிய ரசாயன ஆலை வேண்டும். வெறுமனே கழுவிச் சலித்தால் மணலில் ஒட்டிய இரும்பு முழுதாகப் போகாது. ஜன்னல் கண்ணாடியின் விளிம்பை ஒருமுறை உற்றுப் பாருங்கள், அந்தப் பச்சை இரும்பின் வேலைதான்.

“இயந்திரம் வாங்கினால் போதும்” என்பது அடுத்தது. அச்சு இயந்திரத்திலிருந்து வெளியே வருவது கண்ணாடியே அல்ல. தூள் நிறைந்த ஒரு பிசின் கட்டி. அதைச் சூளையில் மெல்ல மெல்லச் சூடாக்கிப் பிசினை எரித்துப் போக்க வேண்டும். அவசரப்பட்டால் விரிசல் விடும். பிறகு காற்று நீக்கிய உலையில் 1,300 டிகிரி செல்சியஸ். கட்டியின் கன அளவில் 40 விழுக்காடு சிலிக்கா என்றால், நீளம் அகலம் எல்லாம் கால்வாசிக்கு மேல் சுருங்கும். 10 மில்லிமீட்டர் லென்ஸ் வேண்டுமானால் ஏறக்குறைய 13.6 மில்லிமீட்டருக்கு அச்சிட வேண்டும். குவாலா கங்சார் சாயோங்கில் லாபு என்ற தண்ணீர்க் குடம் வனைபவர்களுக்கும் சுருக்கம் தெரிந்ததுதான். ஆனால் லாபு கொஞ்சம் கோணினாலும் தண்ணீர் குளிரும். லென்ஸ் மைக்ரோமீட்டர் கணக்கில் கோணினாலே படம் கலங்கிவிடும். 2023இல் யென்ஸ் பவர் குழுவினர் 650 டிகிரியிலேயே கண்ணாடி எடுத்தது உண்மை. அது தலைமுடி கனத்தோடு ஒப்பிட வேண்டிய நுண்பொருள்களுக்கு.

“இனி அரைக்கவும் வேண்டாம், மெருகேற்றவும் வேண்டாம்” என்பதுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. அடுக்கடுக்காக அச்சிட்டால் பரப்பில் படி விழும், படியில் ஒளி சிதறும். அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகம் 2020இல் கண்ணாடியில் கலந்த டைட்டானியாவின் அளவை இடத்துக்கு இடம் மாற்றி, தட்டையான துண்டே லென்ஸ் வேலை செய்யும்படி அச்சிட்டது. அசல் சாதனை. அதற்கும் மேற்பரப்பை மெருகேற்றத்தான் செய்தார்கள்.

கண்ணாடி மெருகுக்குப் பெயர் போனது சீரியம் ஆக்சைடு. சீரியம் மோனசைட் என்ற தாதுவில் இருக்கிறது. மோனசைட்டோ, ஈயம் பிரித்தபின் மிஞ்சும் நம்மூர் அமாங்கில் கிடக்கிறது. அதே அமாங்கின் சினோடைம் தாதுவில் உள்ள இட்ரியம், லேசருக்கான ஒளிபுகும் செராமிக்குக்குத் தேவை. ஆக, செராமிக் என்றாலே ஒளி புகாது என்பதும் தப்பு. நுண்துளை இல்லாமல் சுட்டெடுத்தால் புகும். 1995இலேயே ஜப்பானில் அப்படிப்பட்ட செராமிக்கில் லேசர் எடுத்துவிட்டார்கள்.

அப்படியானால் புதையல் மணலில் இல்லை, அமாங்கில் என்று துள்ள வேண்டாம். மோனசைட்டில் கதிரியக்கமுள்ள தோரியமும் உண்டு. புக்கிட் மேராவில் ஏஷியன் ரேர் எர்த் ஆலை மோனசைட்டிலிருந்து அருமண்களைப் பிரித்தெடுத்தபோது கிளம்பிய கதிரியக்கக் கழிவை எதிர்த்துக் குடியிருப்பாளர்கள் 1985இல் வழக்குப் போட்டார்கள். 1992இல் ஈப்போ உயர்நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு உச்சநீதிமன்றம் அதை மாற்றியது. ஆலை 1994இல் மூடப்பட்டது. இந்த வரலாற்றைத் தள்ளிவைத்துவிட்டு மூலப்பொருள் பெருமை பேசுவது எனக்கு ஒப்பவில்லை.

பிள்ளைகளுக்கு இதில் இடமே இல்லையா? உண்டு, ஆனால் சூளை, மெருகு, அளவை என்ற வரிசையில். இயந்திரம் விற்க வருபவரிடம் விலையை அப்புறம் கேளுங்கள். வெற்றிட உலை சேர்த்தியா, மெருகு யார் போடுவது, பரப்பை எதைக்கொண்டு அளப்பது என்று முதலில் கேளுங்கள்.